மாப்பிள்ளையின் மூன்றாவது முயற்சி

மார்ஸ்லோ,
திங்கட்கிழமை, காலைத் தேநீருக்குப் பின்.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா வின்னிக்கு,

உன் தம்பி கிளைவ் எழுதிக்கொள்வது. நானும் மோரீனும் உடம்பளவில் சௌக்கியம். உன் இடுப்பு வலியும் உன் பூனையின் கண்ணும் ஸ்கார்பரோவின் கடல்காற்றில் சற்றுத் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே போன வாரம் முழுக்க மழை. மழையைப் பற்றியே இன்னும் ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கடிதத்தை முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், ஏனென்றால் அடுத்து வருகிற விஷயத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவேன். மோரீனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் சிரிக்கிறாள். உன் தம்பிக்கு இந்த ஊர்க் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வழியில்லாமல் போய்விட்டது என்பதுதான் செய்தி.

மாப்பிள்ளை டங்கனை உனக்கு நினைவிருக்கும். ஹெதரின் கல்யாணத்தில் நன்றியுரை சொல்ல எழுந்து, பாதியில் நல்ல வாக்கியம் ஒன்று தோன்றிவிட்டது என்று கைத்துடைத் தாளில் குறித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டவன். நாவல் எழுதுகிறான். அவன் எனக்கு மாப்பிள்ளையாக வருவதற்கு முன்பே என்னிடம் ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவன் என்பதும் உனக்குத் தெரியும். முதல் தடவை ஒரு புறாவுக்கு வழிவிடுகிறேன் என்று நடைபாதைமேல் ஏற்றினான், ஃபெயில் போட்டேன். இரண்டாம் தடவை பச்சை விளக்கு எரிந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், அதற்கும் ஃபெயில் போட்டேன். மூன்றாம் தடவை தேர்வுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஹெதரின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தான். இன்றுவரை பேருந்தில்தான் போகிறான், அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, என் மனசாட்சி அந்த விஷயத்தில் சுத்தம்.

அவன் எழுதிய முதல் நாவல் 'ஈரக் காலணிகள்'. அத்தையை அடக்கம் செய்யத் தீவுக்குப் போக வேண்டியவன் படகுக்காகத் துறையில் காத்திருக்கிறான். நானும் அவனோடு சேர்ந்து நேர்மையாகக் காத்திருந்தேன், படகு வரவேயில்லை. இரண்டாவது நாவலைக் கால்வாயின் மதகுக் கதவே சொல்கிறது. அதை ஒரு பத்திரிகை 'அமைதியான நாவல்' என்று எழுதியது. பத்திரிகைக்காரர்கள் பாஷையில் அதற்கு யாரும் வாங்கவில்லை என்று பொருளாம், ஹெதர்தான் விளக்கினாள். இப்போது வந்திருப்பது மூன்றாவது, 'இடப்பக்கம் நிறுத்தவும்'. தலைப்பை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை வேலையில் இருந்த காலம் முழுக்க நாள் தவறாமல் சொன்னவன் நான். கதாநாயகர் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாம். பெயர் மிஸ்டர் ஹெரன். கைக்குட்டையை நான்காக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டுதான் காரில் உட்காருவாராம். மார்ஸ்லோவில் அப்படி உட்கார்ந்தவர் யார் என்று நீயே சொல். அவரைப் பற்றி இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறான் அக்கா, "அவர் சிரித்தபோது அவர் மீசைக்கே ஆச்சரியமாக இருந்தது" என்று. நான் புத்தகத்தை மூடிவிட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குப் போய்ச் சிரித்துப் பார்த்தேன். மீசை அவன் எழுதியபடியேதான் நடந்துகொண்டது.

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் மோரீன் பழைய சாமான்களை ஒழித்துப் பூனைக் காப்பகத்துக்காகப் பழையதை விற்கும் சாரிட்டி கடைக்குக் கொடுக்கப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். உடைந்த ரொட்டி வாட்டி, நான் இளைத்தால் போடலாம் என்று வைத்திருந்த கால்சட்டைகள், யாரோ கொடுத்த ஜாம் கரண்டிகள். அவள் நாடா எடுக்கப் போன நேரத்தில் கால்சட்டைகளுக்கு அடியில் புத்தகத்தைச் செருகிவிட்டேன். கைதவறிப் போய்விட்டது என்று உன்னிடம் எழுதலாம்தான். ஆனால் கைதவறியவன் மேலே கால்சட்டையை இழுத்து மூடமாட்டான். போன திங்கட்கிழமை நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டும் வந்தேன். டாரதி நன்றி சொன்னாள். டாரதி பிளென்கின் அந்தக் கடையைச் சம்பளமில்லாமல் நடத்துகிறவள், மார்ஸ்லோவின் வீட்டு விஷயங்களெல்லாம் அவள் மேஜை வழியாகத்தான் போயாக வேண்டும். வீடு திரும்பும்போது பாரம் இறங்கியது போல் இருந்தது, அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வியாழக்கிழமை ஹெதர் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், பக்கத்து அறையில் அவன் இருந்தான் போலும். டங்கன் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறானாம், எழுத்து போதும் என்கிறானாம். நான் நல்ல வேலைதானே என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளையாக அவள் முந்திக்கொண்டாள்.

"அவன் எழுதாம இருந்தா எப்படி இருப்பான்னு நீங்க பார்த்ததில்லப்பா," என்றாள் ஹெதர். "நான் பார்த்திருக்கேன். ரொம்ப மரியாதையா இருப்பான். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. என்னால அதைத் தாங்க முடியாது. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரோம். நீங்க படிச்சதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய்யா எதுவும் சொல்ல வேணாம். அவன் யார்கிட்டயும் கேட்கல, உங்களைப் பத்தி மட்டும்தான் கேட்டான், அப்பா முடிச்சிட்டாரான்னு."

என் மகள் சின்ன வயதில்கூட என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, கேட்பதற்கு முன்பே ஃபெயில் போட்டுவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ. சரி என்று போனை வைத்துவிட்டு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மோரீன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். பெட்டியில் எதையோ திணித்ததை அன்றைக்கே பார்த்தாளாம், என் பழைய பனியன் என்று நினைத்து மானத்தைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தாளாம்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் நேரத்துக்குப் போனேன். திரும்பக் கேட்டு வாங்கக் கூடாது, யாரோ ஒருவன் போல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். வாசலில் கால் வைப்பதற்கு முன்பே என் திட்டம் மண்ணைக் கவ்வியது. தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலில், ஒரு பீங்கான் நாய்க்கும் ஒரு தேநீர்க் கெண்டிக்கும் நடுவில், என் பிரதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அட்டை தெரியவில்லை, கையெழுத்துப் போட்ட பக்கம் தெரியும்படி திறந்து, 'நம்மூர் எழுத்தாளர் கையொப்பமிட்டது' என்று ஒரு சீட்டும் செருகியிருந்தார்கள். புத்தகத்தை அவன் கொடுத்தபோது அந்தப் பக்கத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இப்போது தெருவில் நின்று ஊரோடு சேர்ந்து படித்தேன். "கிளைவுக்கு. இது என் மூன்றாவது முயற்சி. இந்தத் தடவையாவது பாஸ் போடுங்கள். அன்புடன், டங்கன்."

எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு மீன் வாங்கப் போயிருப்பார்கள் அக்கா. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம், ஆனால் நகராட்சி அந்தத் தெருவுக்கு இப்போதுதான் புதிதாகக் கல் பாவியிருக்கிறது.

உள்ளே போய் டாரதியிடம் வானிலை பேசினேன், பூனைகளை விசாரித்தேன், ஒரு மெழுகுவத்தித் தாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிறகு போகிற போக்கில் கேட்பது போல அந்த ஜன்னல் புத்தகம் கிடைக்குமா என்றேன். ஜன்னலில் வைத்ததை அடுத்த புதன்கிழமை ஜன்னல் மாற்றும்வரை எடுக்க முடியாது என்றாள். அது எல்லாருக்கும் தெரிந்த விதி, எனக்கும் தெரியும். போன வருஷம் ஒரு தொப்பிக்காக ஒரு பெண்மணி அழுதபோதுகூட விதி தளரவில்லை. எனக்குத்தான் கொடு, அது என்னுடையது, ஜன்னலில் இருக்கிற கிளைவ் நான்தான் என்று சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு நண்பருக்காக, அவர் பெயரும் கிளைவ், என்று உளறினேன். டாரதி என்னை நேராகப் பார்க்காமல் ரசீதுச் சுருளைச் சரிசெய்தாள்.

"எத்தனையோ கிளைவ் இருப்பாங்க," என்றாள்.

மார்ஸ்லோவில் என்னைத் தவிர இன்னொரு கிளைவ்தான் உண்டு, அது பாதிரியார் வீட்டு நாய்.

அவள் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்பது புரிந்தபோது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அந்தப் புத்தகம்தான் வேண்டுமென்றால் உள்ளே வேறு பிரதிகளும் இருக்கின்றன, எல்லாமே கையொப்பமிட்டவைதான் என்று சொல்லிக் கடைசி அலமாரியைக் காட்டினாள். போய்ப் பார்த்தேன். வரிசையாக நின்றன. ஒன்று டாக்டர் விட்டேக்கருக்கு, "என் முதுகைப் பார்த்துக்கொள்பவருக்கு" என்று. ஒன்று பாதிரியாருக்கு. ஒன்று இறைச்சிக் கடைக்காரருக்கு, ஒன்று நூலகத்து அம்மாளுக்கு, ஒன்று அவனுடைய பழைய பள்ளி ஆசிரியருக்கு. ஒவ்வொருவருக்கும் யோசித்து யோசித்து வேறு வேறு வாக்கியம் எழுதியிருந்தான். அதில் ஒன்றில்கூடப் பக்கம் மடிந்த அடையாளம் இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. நான் கொடுத்ததாவது அந்தக் கதையில் என்னைப் பார்த்து மனம் நொந்து கொடுத்தது. இவர்களுக்கு என்ன கேடு? இவர்கள் எல்லாரும் அவனைத் தெருவில் பார்க்கும்போது அருமையான புத்தகம் என்று சொன்னவர்கள்தானே? அவன் இந்த அலமாரியைப் பார்த்துவிட்டால் இன்சூரன்ஸ் ஆபீசில்கூடச் சேரமாட்டான், நேராகப் போய்ப் படுக்கையில் விழுந்துவிடுவான் என்று தோன்றியது. அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தேன். டாரதி ஒன்றும் கேட்காமல் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். இதையெல்லாம் நல்ல காரியம் என்று நினைத்துச் செய்தேன் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்.

வெளியே வந்தால் மழை. எதிரே பேருந்து நின்று, அதிலிருந்து இறங்கியவன் டங்கன். அதே நேரத்தில் ஈரத்தில் ஊறிய காகிதப் பையின் அடி பிய்த்துக்கொண்டு புத்தகங்கள் எல்லாம் நடைபாதையில் சிதறின. அவன் ஓடி வந்து உதவினான். தன் புத்தகம் என்று பார்த்ததும் அப்படியே குனிந்த நிலையில் நின்றுவிட்டான். ஒன்றையும் அவன் திறந்துவிடக் கூடாதே என்று நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலங்கிக்குள் செருகிக்கொண்டிருந்தேன், பார்க்கிறவர்களுக்கு இருவரும் ஒரு கோழியைப் பிடிக்கிறோம் என்று தோன்றியிருக்கும். எல்லாத்தையும் நீங்களா வாங்கினீங்க என்று கேட்டான். யாருக்காவது கொடுக்கலாமென்று, என்றேன். அவன் கண் கலங்கியது. அடுத்து அவன் செய்ததை எழுத வேண்டியதில்லை, ஆனால் எப்படியும் உன் காதுக்கு வந்துவிடும். இறைச்சிக் கடைக்கு எதிரே, பட்டப்பகலில், என்னைக் கட்டிப்பிடித்தான். நம் அப்பாகூட என்னை அப்படிச் செய்ததில்லை. நான் தேர்வுக்கு உட்கார்ந்தவன் போல விறைத்துக்கொண்டு, முழங்கையில் புத்தகங்களோடு, அது முடிகிறவரை நின்றேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் என் பெயர். அவன் தலையை ஒரு முழம் நகர்த்தினால் போதும். குடையை விரித்துத் தோளுக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலை அடைத்தபடி நின்றுவிட்டேன். மழை முன்பக்கமாக அடித்தது. உள்ளே போய் நிற்கலாமா என்றான், வேண்டாம், காற்று நல்லது என்றேன். ரவுண்டானாவில் நடக்கும் சாலை வேலையைப் பற்றிப் பேசினேன். அது தீர்ந்ததும் பழைய சாலை வேலைகளைப் பற்றிப் பேசினேன். அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் நானும் அதே பக்கம் சாய்ந்தேன். இந்த லட்சணத்தில் டாக்டர் விட்டேக்கர் அந்த வழியாக வந்தார். டங்கனின் கையைப் பிடித்துக் குலுக்கி, அருமையான நாவல், கீழே வைக்க மனமே வரவில்லை என்றார். என் கக்கத்தில் மேலாக இருந்த பிரதி நனைந்து விரிந்து, அவர் பெயரை அவருக்கே காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், நான் பார்த்ததைப் பார்த்தார், யாருக்கோ காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மழையில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஒருவழியாக டங்கனை எதிர்ப்பக்கத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். ஸ்கோன் வந்தது. அவன் வெண்ணெய்கூடத் தடவாமல், முடிவு எப்படியிருந்தது என்று கேட்டான். இரண்டாம் அத்தியாயத்தோடு மூடியவனுக்கு முடிவைப் பற்றி என்ன தெரியும்? வேலையில் இருந்தபோது ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் சொல்கிற வார்த்தைகள் தாமாகவே வாயிலிருந்து புறப்பட்டன. வேகம் சீராக இருந்தது என்றேன். திருப்பங்களில் கொஞ்சம் முன்னாடியே சைகை காட்டியிருக்கலாம் என்றேன். கண்ணாடியை அடிக்கடி பார்ப்பது நல்ல பழக்கம் என்றேன், அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முடிவு சரியான இடத்தில் நின்றது, ஓரத்தில் இடிக்கவில்லை என்றேன். அவன் கைத்துடைத் தாளை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்சூரன்ஸ் விண்ணப்பத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். நான்காவது நாவலுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, எழுதுவதா வேண்டாமா என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன் என்றான். நான் என் ஸ்கோனையும் அவன் தட்டுக்குத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து மோரீனிடம் சொன்னேன். அவள் நனைந்த மேலங்கியைப் பிழிந்துகொண்டே, "இந்நேரத்துக்கு நீங்க அதைப் படிச்சே முடிச்சிருக்கலாம்," என்றாள்.

படித்திருக்கலாம்தான். மீதிப் பிரதிகள் எல்லாம் கையிலேயே இருந்தன. ஆனால் திறக்கத் துணிவில்லை. அந்த மிஸ்டர் ஹெரன் அடுத்த அத்தியாயங்களில் இன்னும் என்னென்ன செய்கிறாரோ, அதெல்லாம் நான் செய்தவையோ என்ற பயம். புதன்கிழமை ஜன்னல் மாறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் என் பிரதியை எடுத்துவந்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. மோரீன் மாட்டிறைச்சியும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் செய்திருந்தாள், புட்டிங் என்றைக்கும் இல்லாத அளவுக்கு உப்பி வந்தது, அதை ரசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஹெதர் முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு வெளிச்சம். என் தோளைத் தட்டிக்கொண்டே பரிமாறினாள், ஒவ்வொரு தட்டலும் சாட்டையடி போல விழுந்தது. குழம்பு ஊற்றும்போது டங்கன், கிளைவ், உங்க பிரதியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன், ஒரு பத்தியை மோரீனுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றான். மேலே போனேன். ஜன்னலில் இருக்கிற புத்தகம் படுக்கையறையில் எப்படிக் கிடைக்கும்? அலமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த பிரதிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வேறு யாருடைய பெயரோ இருந்தது. கீழேயிருந்து மோரீன், உருளைக்கிழங்கு ஆறுது என்று கத்தினாள். வாழ்நாளில் ஒரு புத்தகத்தின் மூலையைக்கூட மடிக்காதவன் நான், டாக்டருடைய பிரதியின் முதல் பக்கத்தைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவன் திறந்தவுடன் பார்த்துவிட்டான். கையெழுத்துப் பக்கம் இருந்த இடத்தில் பிசிறு பிசிறாகக் காகிதம். ஹெதர் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கத்தை ஃபிரேம் போடக் கொடுத்திருக்கிறேன் என்று என் வாய் சொன்னது. அக்கா, நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. ஹெதர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் வழுக்கையில் முத்தம் கொடுத்தாள். எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். வரவேற்பறையில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் என்றேன். எப்போது வரும் என்றாள். ஃபிரேம் கடைக்காரர் கொஞ்சம் தாமதம் பண்ணுகிறவர் என்றேன். மார்ஸ்லோவில் ஃபிரேம் கடையே கிடையாது என்பதை மோரீன் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள், குழம்புக் கிண்ணத்துக்குப் பின்னால் அவள் தோள் குலுங்கியது. டங்கன் புத்தகத்தை மூடிவிட்டு, இன்னொரு நாள் படித்துக் காட்டுகிறேன் என்று புட்டிங்கை எடுத்துக்கொண்டான்.

இதுதான் என் நிலைமை. உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் மறுபடியும் விண்ணப்பம் எழுதுவான், என் மகள் வீட்டில் மரியாதையான ஒரு விருந்தாளியோடு குடித்தனம் நடத்துவாள். சொல்லாவிட்டால் அவன் என்னை நம்பி நான்காவது நாவலையும் எழுதுவான், அதையும் எனக்குத்தான் முதலில் கொடுப்பான், நான் சாகும்வரை படிக்காத புத்தகங்களுக்குச் சைகை காட்டச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவோ பேரை முகத்துக்கு நேரே பார்த்து, மன்னிக்கவும், நீங்கள் தேறவில்லை என்று சொன்னவன் நான். அதே வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இருக்கிறேன். நீ எப்போதும் நேர்வழியில் நிற்பவள். சொல்லலாமா கூடாதா என்று ஒரு வரி எழுது. நீ எழுதுகிறபடி செய்கிறேன். ஹெதரிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன் பூனைக்குக் கண் மருந்தை மறக்காமல் விடு. படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கு. பக்கத்து வீட்டு மிஸ்டர் ஆப்பில்யார்டுக்கு என் வணக்கங்கள், அவர் வேலி விவகாரத்தில் நீதான் சரி. மோரீன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். கடவுள் உன்னை நல்ல வெயிலும் திடமான இடுப்பும் தந்து காப்பாராக.

தலைகுனிந்த உன் தம்பி,
கிளைவ்

பின்குறிப்பு, புதன்கிழமை மாலை: கடிதத்தை இரண்டு நாளாகத் தபாலில் போடாமல் மேலங்கிப் பையிலேயே வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். ஜன்னல் ஏற்கனவே மாறியிருந்தது. பீங்கான் நாய் இருந்த இடத்தில் ஒரு மீன்பிடிக் கூடை. புத்தகம் விற்றுவிட்டது என்றாள் டாரதி, யாருக்கென்று கேட்டதும் தேநீர்த் தண்ணீர் கொதிப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. சமையலறையில் டங்கன் உட்கார்ந்திருந்தான், எதிரே பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்துக் காட்டினான். என் பெயர் போட்ட அந்தப் பக்கம், அழகான மரச் சட்டத்துக்குள்.

"ஃபிரேம் கடைக்காரர் ரெடின்னு சொன்னார்," என்றான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "இந்தப் பக்கம் வரேனேன்னு நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

அதோடு விட்டிருந்தால் இருவரும் தேநீர் குடித்துவிட்டு வானிலை பேசியிருப்போம். எனக்குத் தாங்கவில்லை. "டங்கன், நான் அதை முழுசாப் படிக்கல," என்றேன்.

"தெரியும் கிளைவ். முடிவு சரியான இடத்துல நின்னுச்சுன்னு சொன்னீங்களே. அந்தக் கதை நிக்கவே நிக்காது. கடைசிப் பக்கத்துலயும் கார் ஓடிக்கிட்டேதான் இருக்கும்." அவன் அந்தப் பிரதியை ஜன்னலில் வியாழக்கிழமையே பார்த்துவிட்டானாம். எழுதுகிறவர்கள் எல்லாரும் சாரிட்டி கடைகளில் ஏறி இறங்கித் தங்கள் புத்தகம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம், ஆனால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் விண்ணப்பத்தை எழுதியிருக்கிறான். வெள்ளிக்கிழமை அதைத் தபாலில் போடத்தான் பேருந்து ஏறி வந்திருக்கிறான்.

பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். டங்கன் பழுப்புக் காகிதத்தை மடித்து வைத்தான்.

"ஊர்ல எல்லாரும்தான் குடுத்துட்டாங்க. திரும்பி வாங்க வந்தது நீங்க ஒருத்தர்தான். நான் அதைப் பார்த்துடக் கூடாதுன்னு அவ்வளவு நேரம் மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னீங்க. என் புத்தகத்துக்காக இதுவரைக்கும் யாரும் மழையில நின்னதில்ல கிளைவ்."

நான் மூக்கைச் சிந்தினேன், கைக்குட்டை நான்காக மடித்தபடியே இருந்தது. விண்ணப்பத்தைக் கிழித்ததாவது நிஜமா, அதுவும் நாடகமா என்று கேட்டேன். நிஜம்தான் என்றான். நான்காவது நாவலில் நாற்பது பக்கம் எழுதியாயிற்றாம்.

ஆகையால் மேலே நான் கேட்டிருக்கிற யோசனை எதுவும் தேவையில்லை, ஹெதருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது, இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. சட்டம் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. நான் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறேன், மிஸ்டர் ஹெரன் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது. ஒன்று மட்டும் அவசரம். அடுத்த மாதம் டங்கனும் ஹெதரும் ஸ்கார்பரோவுக்கு வருகிறார்கள், உன் வீட்டுக்கு வருவதற்கு முன் ஊரிலுள்ள சாரிட்டி கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவானாம். உனக்கென்று அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிரதி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடு அக்கா.